போட்டோஷாப்பில் மெமரி பிழை: ஸ்டூடியோ, ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டே, சுற்றுவட்டார ஸ்டூடியோக்களின் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக் கொடுக்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம், பர்கூர் என்று எங்கிருந்து போன் வந்தாலும், முகூர்த்த மாதங்களில் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே பேச்சுதான்: "மெமரி இல்லைன்னு சொல்லுதுங்க, ராம் போட்டுடலாமா?" பல நேரம் போட வேண்டியதில்லை. இடம் எங்கே போயிற்று என்று தேடினால் பணம் செலவில்லாமலே சரியாகிவிடும். போனில் சொல்லிச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலை நடுவில் பிழை வந்து நின்றுவிட்டது, சேவ்கூட ஆகவில்லை. முதலில் என்ன செய்வது?

போட்டோஷாப்பை மூடாதீர்கள். பதறி டாஸ்க் மேனேஜருக்குப் போய் அதை நிறுத்திவிடவும் வேண்டாம். செய்தி வந்த பிறகும் உங்கள் வேலை பெரும்பாலும் உள்ளே அப்படியேதான் இருக்கும். ஓகே கொடுத்துவிட்டு, திறந்திருக்கும் மற்ற புரோகிராம்களை மூடுங்கள். குரோமில் யூடியூப் ஓடினால் அதையும் மூடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். வேண்டாத பெரிய வீடியோ ஃபைல்களை சி டிரைவிலிருந்து வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். 10, 15 ஜிபி காலியானதும் போட்டோஷாப்புக்குத் திரும்பி, 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறொரு டிரைவில், வேறொரு பெயரில் சேமியுங்கள்.

அப்போதும் ஆகவில்லை என்றால் எடிட் மெனுவில் 'பர்ஜ்' என்று இருக்கும். அதில் முதலில் கிளிப்போர்டு, அடுத்து ஹிஸ்டரிஸ். ஹிஸ்டரியை அழித்தால் பின்னால் போக முடியாது, ஆனால் கையில் இருக்கும் டிசைன் பிழைக்கும். தாலி கட்டும் படத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது. அதனால் கேமரா கார்டிலிருந்து இறக்கிய மூலப் படங்களை இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைக்காமல் டிசைனில் உட்காரவே கூடாது என்பது என் கருத்து.

'ராம் போதவில்லை', 'ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று இரண்டு விதமாக வருகிறதே, இரண்டும் ஒன்றா?

இல்லை. ராம் என்பது வேலை செய்யும் மேசை. அது நிறைந்ததும் போட்டோஷாப் தன் சாமான்களை ஹார்டு டிஸ்க்கில் ஓர் ஓரத்தில் இறக்கி வைக்கும். அந்த ஓரத்துக்குத்தான் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று பெயர். 'ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்' என்று வந்தால் டிஸ்க்கில் காலி இடம் இல்லை என்று அர்த்தம். பிழைச் செய்தியை முழுதாகப் படிக்காமல் ஓகே தட்டிவிட்டுப் போன் செய்பவர்கள்தான் அதிகம். மொபைலில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

போட்டோ 8 எம்பிதான் இருக்கிறது. ராம் 8 ஜிபி. எப்படிப் போதாமல் போகும்?

ஜேபெக் என்பது அமுக்கிக் கட்டிய மூட்டை. ஒரு ஆழாக்கு கேழ்வரகு மாவைக் கிண்டினால் சட்டி நிறையக் களி வருகிற மாதிரி, திறந்தவுடன் அது உப்பும். 24 மெகாபிக்சல் கேமராப் படம் 6000-க்கு 4000 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். பெருக்கிப் பாருங்கள், 72 எம்பி. ஃபோல்டரில் 8 எம்பி என்று காட்டிய அதே படம்தான். ஒரு நிறத்துக்கு இரண்டு பைட் பிடிக்கும் 16 பிட்டில் திறந்தால் 144 எம்பி.

இனி 12-க்கு 36 இன்ச் கரிஷ்மா கல்யாண ஆல்பத்தின் ஒரு ஷீட்டை எடுத்துக்கொள்வோம். 300 ரெசல்யூஷனில், அதாவது இன்ச்சுக்கு 300 பிக்சல் வைத்தால், 3600-க்கு 10,800 பிக்சல். ஒரு முழு லேயருக்கு மட்டும் சுமார் 117 எம்பி. பின்னணி ஒன்று, அதன் மேல் டெக்ஸ்ச்சர், ஒரு பெரிய போட்டோ, அதன் காப்பி, மேலே ஒரு லைட் எஃபெக்ட் என்று ஐந்து முழு லேயர் சேர்ந்தாலே அரை ஜிபியைத் தாண்டிவிடும். ஒரே நேரத்தில் பத்து ஷீட்டைத் திறந்து வைத்து வேலை செய்யும் தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். 8 ஜிபியில் விண்டோஸும் ஆன்ட்டிவைரஸும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில் இத்தனையும் நடக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஷீட், அதிகம் போனால் இரண்டு. இந்தப் பழக்கம் ஒன்றே பல கடைகளில் புகாரை நிறுத்தியிருக்கிறது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பெரிய போட்டோவை ஷீட்டில் வைத்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி நகர்த்துகிறீர்கள். கேன்வாஸுக்கு வெளியே போன பகுதி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஃபைலில் இருக்கும், இடமும் பிடிக்கும். வைத்த இடம் முடிவான பிறகு கன்ட்ரோல் ஏ அழுத்தி, இமேஜ் மெனுவில் 'கிராப்' கொடுங்கள். வெளியே தொங்குவது வெட்டுப்படும், டிசைன் மாறாது. ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்த படங்களுக்கு இது பலிக்காது. மூலப் படம் முழுசாக உள்ளேயே இருக்கும். தீப்பெட்டி அளவில் வைத்த படம்கூடத் தன் 24 மெகாபிக்சலையும் சுமந்துகொண்டுதான் நிற்கும். இனி அளவு மாறாது என்று தெரிந்தால் ராஸ்டரைஸ் கொடுத்து சாதாரண லேயராக்கிவிடுங்கள்.

எருது விடும் விழாவுக்கு 20-க்கு 10 அடி ஃப்ளெக்ஸ். நாற்பது பேர் தலை, நான்கு மாடு. ஃபைல் திறக்கவே திணறுகிறது. என்ன வழி?

கிருஷ்ணகிரிப் பக்கம் தை மாதம் வந்தால் இந்தப் போன் நிச்சயம். முதலில் கேட்பது: ரெசல்யூஷன் எவ்வளவு வைத்தீர்கள்? "300, கிளியரா வரணும்னுங்க" என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். 20 அடி என்றால் 240 இன்ச், 300-ஆல் பெருக்கினால் 72,000 பிக்சல். 10 அடிக்கு 36,000 பிக்சல். அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-யில் பிக்சலுக்கு நான்கு பைட். ஒரே ஒரு லேயருக்கு 10 ஜிபிக்கு மேல்! இதற்கு எந்தக் கடைக் கம்ப்யூட்டர் தாங்கும்? தாங்கினாலும் போட்டோஷாப்பின் வழக்கமான ஃபைல் வடிவமான பிஎஸ்டி-யாகச் சேமிக்க முடியாது. பிஎஸ்டி ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல் வரைதான் எடுக்கும், ஃபைல் அளவும் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் பிஎஸ்பி (PSB) வடிவம், அது 3,00,000 பிக்சல் வரை போகும்.

அதே பேனரை 72-ல் வைத்தால் 17,280-க்கு 8,640 பிக்சல். ஒரு லேயர் 600 எம்பிக்குள் அடங்கிவிடும். ரோட்டோரம் பத்தடி தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு இது தாராளம். ஆல்பம் கையில் பிடித்துப் பார்ப்பது, அதற்குத்தான் 300. அச்சடிக்கும் இடத்தில் எவ்வளவு கேட்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம் அந்த நாற்பது தலைகள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களைத் தனி ஃபைலில் திறந்து, கட் செய்து, வேண்டிய அளவுக்குச் சிறிதாக்கிய பிறகே பேனருக்குக் கொண்டுவாருங்கள். பேனருக்குள்ளேயே வைத்து ஒவ்வொன்றையும் பென் டூலில் வெட்டினால் ஒவ்வொரு அசைவுக்கும் முழு கேன்வாஸையும் அது இழுத்துக்கொண்டு திரியும். தலைகளின் வரிசை முடிவானதும் ஒரு காப்பி சேமித்துவிட்டு, அந்த லேயர்களை ஒன்றாக மெர்ஜ் செய்யுங்கள். பெயர்களை மட்டும் எழுத்தாகவே விட்டுவையுங்கள். பேனர் ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் யாராவது ஒரு இனிஷியலை மாற்றச் சொல்வார்கள்.

பாஸ்போர்ட் போட்டோ கிராப் செய்தால்கூட 'ஸ்க்ராட்ச் டிஸ்க் ஃபுல்' என்கிறதே?

பாலக்கோட்டில் ஒரு கடையில் இதற்காகப் புது எஸ்எஸ்டி வாங்கவே கிளம்பிவிட்டார்கள். நான் போய் உட்கார்ந்து கிராப் டூலைத் தொட்டேன். மேலே பட்டையில் அகலம் 35, உயரம் 45, பக்கத்தில் யூனிட் இன்ச். மில்லிமீட்டரில் போட வேண்டியதை இன்ச்சில் போட்டிருக்கிறார்கள். 300 ரெசல்யூஷனில் அது 10,500-க்கு 13,500 பிக்சல், 425 எம்பி. சரியான பாஸ்போர்ட் அளவு 413-க்கு 531 பிக்சல், ஒரு எம்பிகூட வராது. அந்தப் பையன் காலையிலிருந்து முப்பது பேருக்கு அப்படியே கிராப் செய்து, ஒவ்வொன்றையும் மூடாமல் வைத்திருந்தான். பாவம், அவன் மேல் தப்பில்லை. முந்தின நாள் யாரோ மாற்றிய யூனிட்டை கிராப் டூல் நினைவில் வைத்துக்கொண்டது. பட்டையில் 'கிளியர்' என்று இருக்கும், அதை அழுத்தி அளவைப் புதிதாகக் கொடுங்கள். ரெசல்யூஷன் இன்ச்சுக்கா, சென்டிமீட்டருக்கா என்பதையும் பாருங்கள்.

சி டிரைவில் இடம் எப்படி உண்டாக்குவது?

போட்டோஷாப் திடீரென்று மூடிக்கொண்டால் அதன் தற்காலிக ஃபைல்கள் அழியாமல் தங்கிவிடும். 'போட்டோஷாப் டெம்ப்' என்று தொடங்கி, பின்னால் எண்களோடு இருக்கும். ஒவ்வொன்றும் சில ஜிபி வரைகூடப் போகும். போட்டோஷாப்பை மூடிவிட்டு டெம்ப் ஃபோல்டரிலும் ஸ்க்ராட்ச் டிரைவின் முதல் பக்கத்திலும் தேடுங்கள், தைரியமாக அழிக்கலாம்.

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாகவும் சுத்தம் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடவே கூடாது. வாட்ஸ்அப் வெப்பில் கஸ்டமர் அனுப்பிய படங்கள் எல்லாம் அங்கேதான் இறங்கியிருக்கும். காது குத்துப் படங்களை இப்படி மொத்தமாக இழந்த ஒருவர் என்னிடம் வந்தபோது என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றும் மனதில் உறுத்துகிறது.

ஸ்க்ராட்ச் டிஸ்க்கை வேறு டிரைவுக்கு மாற்றுவது நிரந்தர வழி. எடிட், பிரிஃபரென்சஸ், ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் போய் டிக்கை மாற்றுங்கள். தனி எஸ்எஸ்டி இருந்தால் மிகவும் நல்லது. ஒரே ஹார்டு டிஸ்க்கை சி, டி என்று பிரித்திருந்தால் டி-க்கு மாற்றுவதால் இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. பென் டிரைவை ஸ்க்ராட்ச்சாக வைக்கவே வைக்காதீர்கள். ஆல்பம் வேலைக்கு 50 ஜிபியாவது காலியாக இருக்கட்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

போட்டோஷாப் திறக்கவே மாட்டேன் என்கிறது, உள்ளே போனால்தானே செட்டிங் மாற்ற முடியும்?

ஐகானைத் திறந்த கையோடு கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். ஸ்க்ராட்ச் டிஸ்க் தேர்வு முதலில் வரும். அங்கேயே வேறு டிரைவைக் கொடுக்கலாம். ஷிஃப்ட்டையும் சேர்த்து மூன்றாகப் பிடித்தால் எல்லா செட்டிங்கையும் பழையபடி ஆக்கட்டுமா என்று கேட்கும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிஃபரென்சஸின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி 70 சதவீதம் என்று இருக்கிறது. 100 ஆக்கிவிட்டால் பிரச்சினை தீருமா?

தீராது, கூடும். விண்டோஸுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும். 100 வைத்தால் விண்டோஸ் தன் வேலையை ஹார்டு டிஸ்க்குக்குத் தள்ளும், எல்லாமே நொண்டும். 75, 80 வரை போகலாம். 85-ஐத் தாண்டாதீர்கள். அதே பக்கத்தில் ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் 50 என்று இருக்கும். பிரஷ்ஷில் சின்னதாகத் தொட்டால் மாறிய துண்டு மட்டும்தான் பதிவாகும். ஆனால் ஷீட் முழுக்க ஒரு ஃபில்டர் போட்டால் அந்த லேயர் முழுவதும் இன்னொரு முறை பதிவாகும். 8 ஜிபி மெஷினில் அதை 20-க்குக் குறைத்துவிடுங்கள்.

16 ஜிபி ராம் போட்டும் போட்டோஷாப் 7 அதே பிழையைக் காட்டுகிறது.

காட்டத்தான் செய்யும். போட்டோஷாப் 7 வந்தது 2002-ல். அது 32 பிட் புரோகிராம். விண்டோஸில் 32 பிட் புரோகிராமுக்கு வழக்கமாகக் கிடைப்பது 2 ஜிபிதான். நீங்கள் 16 போட்டாலும் 64 போட்டாலும் அதன் கைக்கு எட்டாது. விண்டோஸில் 64 பிட்டாக முதலில் வந்தது 2008-ன் சிஎஸ்4 பதிப்பு. பிஎஸ்பி வடிவமும் போட்டோஷாப் 7-ல் கிடையாது.

பழைய ஆக்‌ஷன்களும் கை பழகின ஷார்ட்கட்டும் இருப்பதால் அதை விட மனமில்லை என்பது புரிகிறது. நானும் அதில்தான் தொழில் கற்றேன். பாஸ்போர்ட் போட்டோ, ஃப்ரேம் வேலைக்கு அது போதும். 12-க்கு 36 ஆல்பத்தை அதில் இழுக்காதீர்கள். விண்டோஸே 32 பிட்டாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். அங்கே 32 பிட் என்று இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்ட ராம் வீண்.

'96-க்கும் 8-க்கும் இடையில் ஒரு எண் கொடு' என்று புரியாத ஒரு செய்தி வருகிறதே?

பயப்படாதீர்கள், ராமில் கோளாறு இல்லை. சில பழைய போட்டோஷாப் சிசி பதிப்புகள், விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, எவ்வளவு ராம் இருக்கிறது என்பதைத் தப்பாகப் படிப்பதால் வருவது. புதுப் பதிப்புக்கு மாறினால் போய்விடும். மாற முடியாதவர்கள் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், அடோபி, போட்டோஷாப் என்று போய், பதிப்பு எண் உள்ள ஃபோல்டரில் ஒரு புது டிவேர்டு (DWORD) பதிவை உருவாக்க வேண்டும். அதன் பெயர் 'ஓவர்ரைடு ஃபிசிக்கல் மெமரி எம்பி', ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக: OverridePhysicalMemoryMB. டெசிமல் தேர்ந்தெடுத்து, உங்கள் ராம் அளவை எம்பியில் கொடுங்கள். 8 ஜிபிக்கு 8000 கொடுத்தால் போதும். ரெஜிஸ்ட்ரியைத் தொட்டுப் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள்.

வெறும் டெம்ப்ளேட், ஒரு லேயர்தான். ஆனால் ஃபைல் நூறு எம்பிக்கு மேல் காட்டுகிறது. ஏன்?

பல வருஷமாகக் கை மாறி வந்த பிஎஸ்டி டெம்ப்ளேட்களில் இது உண்டு. ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு லேயரை இழுக்கும்போதெல்லாம் அந்தப் பூர்வீகக் குறிப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். டாக்குமென்ட் ஆன்செஸ்டர்ஸ் என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் படமே இல்லாமல் ஃபைல் பெருக்கும், திறக்கவும் சேவ் ஆகவும் நேரம் பிடிக்கும். ஃபைல் இன்ஃபோவில் ரா டேட்டா பகுதியைப் பார்த்தால் முடிவில்லாத எண்ணும் எழுத்துமாக ஓடும். அதை மட்டும் நீக்கும் சின்ன ஸ்கிரிப்ட்கள் இருக்கின்றன. ஒரு முறை சுத்தம் செய்து வைத்துக்கொண்டால் அடுத்த ஆல்பங்களுக்குப் பரவாது.

ஒகேனக்கல்லில் எடுத்த 12 படங்களை ஒட்டிப் பனோரமா செய்யும்போது நின்றுவிடுகிறது.

16 பிட்டில் 12 படம் என்றால் ஒட்ட ஆரம்பிக்கும் முன்பே 1.7 ஜிபி. அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் மாஸ்க். 8 பிட்டுக்கு மாற்றி, பாதி அளவுக்குக் குறைத்து ஒட்டுங்கள். சுவரில் மாட்டும் படத்துக்கு அதுவே தாராளம்.

ராமே கெட்டுப்போயிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

போட்டோஷாப்பில் மட்டும் பிழை வந்தால் ராமைச் சந்தேகிக்க வேண்டாம். நீலத்திரை வந்து 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று நின்றாலோ, குரோமும் அடிக்கடி மூடிக்கொண்டாலோ, நன்றாகச் சேமித்த ஜேபெக்கில் குறுக்கே கலர் பட்டை விழுந்தாலோ சந்தேகப்படலாம். ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓட விடுங்கள். முடிய நேரமாகும், ராத்திரி கடை சாத்தும்போது போட்டுவிட்டுப் போகலாம்.

பர்கூர், கிருஷ்ணகிரி ரோட்டோரக் கடைகளில் கிரானைட் தூசியும் லாரிப் புழுதியும் சேர்ந்து ஸ்லாட்டில் படிந்துவிடும். பவர் வயரைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்ட்டை இறக்குங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமை எடுங்கள். அதன் அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தால் கறுப்பு வரும். ரப்பர்த் தூளைச் சின்ன பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டையும் தட்டி, இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று கேட்கும் வரை அழுத்துங்கள். வாயால் ஊதாதீர்கள், ஈரம் உள்ளே போகும்.

கிராஃபிக்ஸ் கார்டு மெமரி இல்லை என்று வருவது?

அது வேறு மெமரி, கார்டுக்குள்ளேயே இருப்பது. டிரைவரைப் புதுப்பியுங்கள். சரியாகவில்லை என்றால் பெர்ஃபார்மன்ஸில் 'யூஸ் கிராஃபிக்ஸ் பிராசஸர்' டிக்கை எடுத்துப் பாருங்கள். சில ஃபில்டர்கள் வேலை செய்யாது, மற்றபடி ஆல்பம் வேலை நடக்கும்.

அப்படியானால் எப்போதுதான் ராம் வாங்குவது?

படத்தின் கீழே இடது மூலையில் ஃபைல் அளவு காட்டும் இடத்தில் ஒரு அம்பு இருக்கும். அதை அழுத்தி 'எஃபிஷியன்சி' தேர்ந்தெடுங்கள். 100 என்று நின்றால் ராம் போதுமானது. குறைந்தால் ஸ்க்ராட்ச் டிஸ்க்கில் வேலை நடக்கிறது. மேலே சொன்னதெல்லாம் செய்த பிறகும், ஒரே ஷீட் திறந்திருக்கும்போது அது 80, 70 என்று இறங்கிக்கொண்டே இருந்தால் வாங்குங்கள், பணம் வீணாகாது. இன்றைய போட்டோஷாப்புக்கு அடோபி சொல்வது குறைந்தது 8 ஜிபி, நல்லது 16.

டிடிஆர்3 இருக்கும் போர்டில் டிடிஆர்4 ஏறாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனாலும் சேலம் போனாலும் பழைய ராமைக் கையோடு கொண்டுபோங்கள். லேப்டாப் என்றால் ராம் போர்டோடு ஒட்டியதா, ஸ்லாட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் கஸ்டமர் ஒருவருக்கு, சி டிரைவ் நிறைந்திருந்ததைப் பார்க்காமலேயே ஒரு கடையில் ராமை விற்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் அதே பிழை. எஃபிஷியன்சியைப் பார்க்காமல் யார் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

கரண்ட் போய் மெஷின் அணைந்துவிட்டது. சேவ் செய்யாத ஷீட் திரும்ப வருமா?

பிரிஃபரென்சஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பக்கத்தில் ஆட்டோ ரெக்கவரி இருந்தால் வரும். வழக்கமாக 10 நிமிஷத்துக்கு ஒரு முறை என்று இருக்கும், அதை 5 ஆக்குங்கள். மெஷின் வந்ததும் போட்டோஷாப்பைத் திறந்தால் ஷீட் தானாக வந்து நிற்கும், பெயரில் 'ரெக்கவர்டு' என்று ஒட்டியிருக்கும். வந்தவுடன் புதுப் பெயரில் சேமியுங்கள். இதற்கும் டிஸ்க்கில் காலி இடம் வேண்டும். அது நிறைந்திருந்தால் ரெக்கவரியும் எழுதப்பட்டிருக்காது. யூபிஎஸ் பேட்டரி பத்து நிமிஷம் தாங்குகிறதா என்று முகூர்த்த மாதம் பிறக்கும் முன் ஒரு முறை மெயினை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.